சுகந்தானே?

கோட்டைக் காவல் வேலையை உதறிவிட்டு, ஞானம் தேடி மலையேறி வந்தவர் பூவராகன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட வடிவம்மை அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். அது அவரை உறுத்தவில்லை. ஞானம் என்ன, நரையைப் பார்த்தா வருகிறது?

வடிவம்மையின் மடத்தை ஒட்டி ஒரு பள்ளி இருந்தது. பல ஊர்ப் பிள்ளைகள் அங்கேயே உண்டு உறங்கிப் படித்தார்கள்.

"பிள்ளைங்க உடம்பைப் பாத்துக்குங்க. உங்களுக்கு அதுதான் பாடம்," என்றார் வடிவம்மை.

வேதாந்தம் கிடைக்கும் என்று வந்தவருக்கு விளக்கெண்ணெய் கிடைத்தது. இருந்தாலும் ஏற்ற வேலையை ஏனோதானோவென்று செய்கிற ஆள் இல்லை அவர். தினமும் காலையில் பிள்ளைகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்துவார். கோட்டையில் பழகிய குரல் எட்டு ஊருக்குக் கேட்கும்.

"சாத்தப்பா, சுகந்தானே?"

"சுகம் ஐயா!"

"அரியநாச்சி, சுகந்தானே?"

"சுகம் ஐயா!"

யாராவது முனகினால் மறுபடி கேட்பார். பதில் கணீரென்று வந்த பிறகுதான் அடுத்த பேர். வரிசை முடிந்ததும் குருவிடம் போய், "எல்லாரும் சுகம் அம்மா," என்பார். வடிவம்மை தலையை ஆட்டிக்கொள்வார்.

மழைக்காலம் முழுக்க ஒரு தும்மல்கூட அவர் காதில் விழவில்லை. பள்ளிக்கு எதிரே ஓடையைத் தாண்டி ஒரு குடில் உண்டு. நோய்ப்பட்ட பிள்ளைகளைப் படுக்க வைப்பதற்கென்று கட்டியது. அது பூட்டியே கிடந்தது. பூவராகன் மீசையை நீவிக்கொண்டார். கண்பட்டுவிடுமோ என்பது ஒன்றுதான் அவருடைய கவலை.

ஒரு நாள் பாட வேளையில் சாத்தப்பன் பலகையோடு சரிந்து விழுந்தான்.

ஓடிப்போய்த் தூக்கினார். பையனின் உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோல் கொதித்தது. தோளில் போட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டினார். குடிலில் கிடத்தியபோது பையனுக்கு நினைவு தப்பியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. பூவராகன் குனிந்து காதைக் கொடுத்தார்.

"சுகம் ஐயா... சுகம் ஐயா..."

வாளுக்கு முன்னால் நின்ற மனிதர்தான். அந்த முனகலுக்கு முன்னால் நிற்க முடியாமல் மருத்துவச்சிக்கு ஆளனுப்ப ஓடினார்.

அடிவாரத்திலிருந்து மருத்துவச்சி வந்தாள். நாடி பார்த்தாள். வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு பூவராகனுக்குப் பிடிக்கவில்லை.

"இது நேத்திக்கு வந்த காய்ச்சல் இல்லைங்க. பல நாளா உள்ளேயே வெச்சிருந்திருக்கான். மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு கஷாயத்துல போயிருக்கும்."

"பொழைச்சிருவானா?"

"பாக்கலாம். இவனோட நிக்காதுங்க இது. எல்லாரும் ஒரே தண்ணி குடிச்ச பிள்ளைங்க. யார் யாருக்கு இருக்குன்னு இன்னிக்கே கண்டுபிடிங்க. முத்திப்போச்சுன்னா என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை."

பூவராகன் ஓடினார். பிள்ளைகளைக் கூடத்தில் நிறுத்தினார்.

"யாருக்காவது காய்ச்சல் இருக்கா? மறைக்கக் கூடாது. எல்லாருக்கும் சுகந்தானே?"

"சுகம் ஐயா!"

கூரை அதிர்ந்தது. தூணில் சாய்ந்து நின்ற அரியநாச்சியின் வாயும் எல்லாரோடும் சேர்ந்து அசைந்தது. பூவராகனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். தொட்ட நெற்றியெல்லாம் சில்லென்றுதான் இருந்தது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர், இன்னும் பயந்தார். அத்தனை பேருக்கும் நடுவில் நோய் ஒளிந்துகொண்டு தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது. உடம்பு நடுங்கியது. பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு குருவிடம் போனார்.

வடிவம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நோய் உள்ளே இருக்கு. ஆனா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. தொட்டும் பாத்துட்டேன். எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வடிவம்மை முறத்தை ஓரமாக வைத்தார். எழுந்து நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு கோட்டைக் குரலில் கூப்பிட்டார்.

"பூவராகரே, சுகந்தானே?"

"சுகம் அம்மா!"

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வடிவம்மை உட்கார்ந்தார். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

"சுகமா?"

பூவராகன் வாயைத் திறந்தார். பல் கிட்டித்தது. குரு அவர் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கையாலயா நெத்தியைத் தொட்டுப் பாத்தீங்க?"

அப்போதுதான் பூவராகனுக்கு உறைத்தது. தொட்ட நெற்றியெல்லாம் ஏன் சில்லென்று இருந்தது என்று புரிந்தது. கொதித்தது அவருடைய கைதான்.

"இல்லம்மா... சுகமில்லை. கொஞ்ச நாளாவே எலும்பெல்லாம் வலி. பயத்துல நடுங்குதுன்னு நெனச்சேன்."

"ரெண்டு தரம் கேட்டேனே. மொத தரமே ஏன் சொல்லலை?"

பூவராகன் யோசித்தார். யோசித்துக்கொண்டே எழுந்து கூடத்துக்குப் போனார்.

இந்த முறை அவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவில்லை. நடுவில் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் மிரண்டு போய்ச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எனக்குச் சுகமில்லை," என்றார். "காய்ச்சல். ஓடையைத் தாண்டிக் குடில்ல போய்ப் படுக்கப்போறேன்."

அரியநாச்சி வீறிட்டாள்.

"போகாதீங்க ஐயா! அங்க போனா செத்துருவீங்க!"

"யாரு சொன்னா?"

"போன வருசம் பூரணி போனா. திரும்பி வரவே இல்லை."

பூவராகன் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி மகளே! அவளுக்கு அங்கேயே குணமாகி, அவ அப்பா வந்து வண்டியில ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு. இப்ப ஊர்ல ஆடு மேய்ச்சுக்கிட்டுத் திரியறா."

"எங்களுக்கு யாருமே சொல்லலையே ஐயா."

ஓடையைத் தாண்டினவள் திரும்பவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் பயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் தனக்குக் கணீரென்று பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, குரு கேட்ட மாதிரியே கேட்டார்.

"அரியநாச்சி, சுகமா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். இரவெல்லாம் கோட்டை வாசலில் கால் கடுக்க நின்றவர்தான். ஒரு குழந்தையின் பதிலுக்குக் காத்திருப்பது அதைவிடக் கடினமாக இருந்தது. அவள் என்ன சொல்லுவாளோ என்று பயம். சொல்லாமல் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயம்.

"இல்லை ஐயா," என்றாள் அவள். "கண்ணெல்லாம் எரியுது."

பின்னாலிருந்து ஒரு குரல், "எனக்கும் ஐயா."

"எனக்கு வயித்து வலி ஐயா."

"எனக்கும்..."

பூவராகன் அரியநாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் ஓடையில் இறங்கினார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். தண்ணீரில் கால் வைக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டது.

மருத்துவச்சி கஷாயம் காய்ச்சினாள். குடிலில் பாய்க்குப் பாய் இடமில்லாமல் போயிற்று. சாத்தப்பனின் பாயருகே பூவராகன் தன் பாயை விரித்துக்கொண்டு, அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடியே கிடந்தார். உறங்கப் பயம். உறங்கும்போது நின்றுவிட்டால்?

விடிந்தது. பையன் கண்ணைத் திறந்தான். பூவராகனைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நிற்கப் பார்த்தான். முடியவில்லை.

"சுகமாடா?" என்றார் பூவராகன்.

பையன் அவரை வெகுநேரம் பார்த்தான்.

"இல்லை ஐயா. தலை வலிக்குது. தண்ணி வேணும்."

பூவராகன் அழுதுவிட்டார். அழுதுகொண்டே தண்ணீர் கொடுத்தார். தன் பிறவியில் இதைவிட நல்ல சொல் எதையும் அவர் கேட்டதில்லை.

வெயில் ஏறும்போது வடிவம்மை ஓடையைத் தாண்டி வந்தார். பாய்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி, ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டே வந்து பூவராகனின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

பூவராகனால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அம்மா, நீங்க கொடுத்த பாடத்துல நான் தோத்துட்டேன். நேத்து வரைக்கும் பள்ளியில ஒரு நோயாளி கிடையாது. இன்னிக்குப் பாருங்க, குடில் கொள்ளலை."

வடிவம்மை அவர் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டார்.

"நேத்து இவங்கள்லாம் எங்க இருந்தாங்க?"