சுற்றி வர இடம்

வரதப்பன் மடத்துக்கு வந்தபோது குருவம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் வரதப்பன்தான் மூத்தவர். ஆனாலும் அவர் சீடர். குருவம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"அம்மா, வீட்டு வாசல்ல பிள்ளையார் வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை நீங்க வந்து முதல் விளக்கு ஏத்தணும்."

"எப்ப வெச்சீங்க?"

"நகராட்சி நோட்டீஸ் வந்ததுக்கு மறுநாள்."

வரதப்பனுக்குப் பொய் சொல்ல வராது.

"நோட்டீஸ் யார் பேருக்கு வந்தது?"

"என் பேருக்குத்தான்."

"பிள்ளையார் பேருக்கு இல்லையே?"

வரதப்பன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கீரைக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் காலியிடம் விடுவதாக பிளானில் காட்டித்தான் அனுமதி வாங்கியிருந்தார். பிறகு வடக்குப் பக்கம் இருந்த இடத்தைப் பக்கத்து வீட்டுச் சுவர் வரை அடைத்து, மேலே தகரம் போட்டு, ஓர் அறை கட்டினார். அந்த அறையை அவரே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நகராட்சி இடித்துவிட்டு வீட்டுக்கு சீல் வைக்கும் என்று நோட்டீஸில் இருந்தது.

"அந்த ரூம்லதான் எங்க அக்கா இருக்கா. ஒரு பக்கம் கை கால் வராது. பிள்ளையாரை அந்த ரூம் சுவத்துலதான் பதிச்சிருக்கேன். சாமி இருந்தா கடப்பாறை வைக்க யோசிப்பாங்க. நீங்க வந்து விளக்கேத்தினா இன்னும் யோசிப்பாங்க. எங்க தெருவுல எல்லாருமே இப்படித்தான்மா செய்றாங்க."

குருவம்மா காம்புகளை ஒதுக்கினார்.

"சட்டம் இடிங்குது. தர்மம் இடிக்காதேங்குது. இடிச்சா அக்கா எங்க போவா? நான் எதைக் கேக்கறது?"

"வெள்ளிக்கிழமை வர்றேன்" என்றார் குருவம்மா.

வெள்ளிக்கிழமை காலை வரதப்பன் வாசலில் கோலம் போட வைத்து, திரி போட்டு, எண்ணெய் ஊற்றித் தயாராக நின்றார். பிள்ளையார் புது டைல்ஸுக்கு நடுவே பளிச்சென்று இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அறையின் கதவு.

வரதப்பன் தீப்பெட்டியை நீட்டினார்.

"இருங்க. முதல்ல ஒரு சுத்து சுத்தி வந்துடறேன்."

"யாரை?"

"பிள்ளையாரைத்தான்."

"சுவத்துல பதிச்சிருக்கேனேம்மா. எப்படிச் சுத்துவீங்க?"

"அப்ப வீட்டோட சேத்துச் சுத்திடலாம்."

குருவம்மா வலமாக நடந்தார். தெற்குப் பக்கம் துவைக்கிற கல்லைத் தாண்டினார். பின்பக்கம் வாழை மரங்களைத் தாண்டினார். வடக்கே திரும்பினார். எதிரில் சுவர்.

அங்கேயே நின்றார். பின்னால் வந்த வரதப்பனும் நின்றார்.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்?"

"அக்கா கட்டில்."

"ஜன்னல்?"

"இல்லம்மா. ஒரு பக்கம் நம்ம வீடு, ஒரு பக்கம் ஜெபமணி வீட்டு அடுப்படி. பின்னால வெச்சா திருட்டுப் பயம். எங்க வைக்கிறது?"

குருவம்மா வந்த வழியே திரும்பி வாசலுக்கு வந்தார். பிள்ளையாரைத் தாண்டி, அறைக்குள் போனார்.

உள்ளே பகலிலும் விளக்கு எரிந்தது. தகரத்தின் சூட்டில் மின்விசிறி காய்ந்த காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டிலில் தில்லைநாயகி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா. பிள்ளையாரைப் பாக்க வந்தீங்களாமே. நல்ல இடம் அவருக்கு. நாலு நாளைக்கு முன்ன வந்தவரு, தெருவைப் பாத்து உக்காந்துட்டாரு."

"அக்கா!" என்றார் வரதப்பன்.

"காத்து வருதான்னு அவரைக் கேட்டுப் பாருடா. வருதும்பாரு."

சுவருக்கு அப்பால் ஏதோ தாளிக்கும் சத்தம். கூடவே இருமல். தில்லைநாயகி தன் ஊன்றுகோலால் சுவரைத் தட்டினார். அந்தப் பக்கமிருந்து கரண்டியால் யாரோ திருப்பித் தட்டினார்கள்.

"அக்கா, சாப்டியா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"ஆச்சு ஜெபமணி. உனக்கு இன்னைக்கும் புகையா?"

"ஜன்னலைத் திறந்தா உங்க தம்பி சுவருதானே தெரியுது. புகை எங்க போவும், என் மூக்குலதான் போவும்."

வரதப்பனின் முகம் இறுகியது. "இவதான் நகராட்சிக்கு மனு குடுத்தவ. குடுத்துட்டு அக்காகிட்டக் கொஞ்சல் வேற."

தில்லைநாயகி தம்பியைப் பார்த்தார். பிறகு குருவம்மாவைப் பார்த்தார்.

"அவளுக்கு எழுத வராதுடா. சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்துப் புள்ள எழுதிச்சு."

"யாரு சொன்னா?"

"நான்தான். இந்தச் சுவத்தைப் பாத்து நான் சொன்னேன். அந்தப் பக்கம் எழுதிக்கிட்டாங்க."

வரதப்பன் அந்தச் சுவரில் கை வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிடா சொல்வேன்? மாவு மில்லுல ராப்பகலா நின்னு சேத்தது. கல்லு மண்ணு பாத்துப் பாத்து வாங்கினே. எனக்குன்னு கட்டினே. வேணாம்னு சொன்னா உனக்குத் தாங்காது. கவர்மென்டு சொன்னா கோவிச்சுக்கிட்டாவது நீ இடிப்பேன்னு நெனச்சேன்."

வரதப்பன் வெளியே வந்து நடையில் உட்கார்ந்தார். குருவம்மா பக்கத்தில் நின்றார். எதிரே வீட்டின் கூடம் திறந்திருந்தது. பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா. அதற்குப் பின்னால், ஒரு ஜன்னலை மறைத்து அலமாரி.

"அந்த ஜன்னல் எங்க திறக்கும்?"

"அக்கா ரூம் வந்தப்புறம் அதை அடைச்சிட்டோம்."

"கூடத்துல யார் படுக்கறது?"

"யாரும் இல்ல."

குருவம்மா வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காததால் வரதப்பனே சொன்னார்.

"பொண்ணுக்கு ஒரு இடம் கூடி வந்து தட்டிப் போச்சும்மா. வந்தவங்க, கூடத்துல அக்காவைப் பாத்துட்டு, இது குடும்பத்துல வர்ற வியாதியான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் ரூம் கட்டினேன். அக்காவுக்குத் தனியா சௌகரியமா இருக்கும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை வேற ஆளுங்க வர்றாங்க."

"ம்."

"அக்கா கூடத்துல இருக்கிறதைப் பாத்துட்டு அவங்களும் எழுந்து போயிட்டா?"

"எழுந்து போறவங்களுக்கு வாசல் இருக்கு, வரதப்பன்."

வரதப்பன் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரியில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. விளக்கை ஏற்றாமலே குருவம்மா மடத்துக்குத் திரும்பினார்.

அன்று மாலையே அலமாரி நகர்ந்தது. கட்டில் கூடத்துக்கு வந்தது. திங்கட்கிழமை வரதப்பன் நகராட்சிக்குப் போய், கட்டியது தப்புதான், நானே எடுத்துவிடுகிறேன், ஆள் வைத்து இடிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்த பொறியாளர், "என்ன சார், பிள்ளையார் வெச்சிருக்கீங்கன்னாங்க?" என்றார். "அவரையும் நானே எடுத்துடறேன்" என்றார் வரதப்பன்.

முதலில் தகரம் இறங்கியது. பிறகு செங்கல். கடைசிச் சுவர் விழுந்தபோது ஜெபமணி வீட்டு ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கையில் கரண்டி இருந்தது.

செங்கல் தூசி அடங்கிய பிறகு வரதப்பன் மறுபடி மடத்துக்கு வந்தார்.

"பொண்ணு பாக்க வந்தாங்களா?" என்றார் குருவம்மா.

"வந்தாங்க. அக்கா அவங்களைக் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணிட்டா. காபி குடிச்சாங்க. பதில் சொல்லி அனுப்பறேன்னாங்க. இன்னும் வரல."

"பயமா இருக்கா?"

"இருக்கும்மா."

குருவம்மா எழுந்தார். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

பெயர்த்தெடுத்த பிள்ளையார் துளசி மாடத்தின் ஓரமாக ஒரு பலகையில் இருந்தார். குருவம்மா அவரைக் கடந்து, வலமாக நடக்கத் தொடங்கினார். துவைக்கிற கல். வாழை மரங்கள். வடக்கே திரும்பியபோது வெயில் நேராக வாசல் வரை விழுந்திருந்தது. ஒருபுறம் ஜெபமணியின் அடுப்படி ஜன்னல், எதிரே கூடத்து ஜன்னல். இரண்டுக்கும் நடுவே ஒரு கிண்ணம் ரசம் கை மாறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் குனிஞ்சு போங்கம்மா, சிந்திடும்" என்றார் தில்லைநாயகி.

குருவம்மா குனிந்து, கடந்து, வாசலுக்கு வந்து சேர்ந்தார். அங்கே கூடத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

வரதப்பன் தீப்பெட்டியோடு பலகைக்குப் பக்கத்தில் காத்திருந்தார்.

"அம்மா, பிள்ளையார் இங்க இருக்காரே. இவரைச் சுத்தாம போயிட்டீங்களே?"

"உள்ள இருக்கிறவங்களைச் சுத்திட்டேன்" என்றார் குருவம்மா. "இனிமே விளக்கு நீங்களே ஏத்தலாம்."