மீன் தெரியாத ஊர்

மணல் நாடுகளுக்கு நடுவே ஒரு கடல் இருந்தது. வேறெந்தக் கடலோடும் அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. நான்கு பக்கமும் நிலம். தெற்கிலிருந்து ஓர் ஆறு வந்து விழும். வெளியே போக வழி இல்லை. ஆனாலும் உப்பு இருந்தது, மீன் இருந்தது, படகைக் கவிழ்க்கிற அளவுக்கு அலையும் இருந்தது. கடல் என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தக் கடல் ஒரு வருடம் பின்வாங்க ஆரம்பித்தது.

தென்கரையில் கும்காலா என்றொரு துறைமுகம். அங்குள்ள படகுகளுக்கெல்லாம் தலைவர் ஒராஸ் தண்டேல். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பிடிவாதம் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. கடல் துறையை விட்டு விலகியதும் அவர் முந்நூறு பேரைத் திரட்டி, துறையிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டினார். படகுகள் அதில் ஊர்ந்து கடலுக்குப் போயின. ஊரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது.

மறு வருடம் கடல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. கால்வாயை நீட்டினார். அதற்கடுத்த வருடமும் நீட்டினார். ஒன்பது வருடம் இப்படியே போயிற்று. ஒன்பதாம் வருடம் கால்வாயின் முனையில் நின்று பார்த்தால் தூரத்தில் ஒரு வெளிச்சக் கோடு மட்டும் தெரிந்தது. படகுகள் மணலில் சாய்ந்து கிடந்தன. அவற்றின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன.

ஊர் கூடிப் பேசியது. இந்தக் குளிர்காலம் முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவது என்று முடிவாயிற்று. தண்டேலின் மைத்துனன் ஹம்ஸா முதல் ஆளாக வண்டிக்கு அச்சு மாற்றினான்.

தண்டேல் நேரே தைக்கா என்கிற பக்கிரிகள் மடத்துக்குப் போனார். மஸ்தூரா பீபி அங்கே வழிப்போக்கர்களுக்கு ரொட்டி சுட்டுப் போடுகிறவர். தண்டேலைவிடப் பதினெட்டு வயது இளையவர். இருந்தும் ஊரில் தண்டேல் தலை குனிகிற ஒரே இடம் அந்த அடுப்படிதான்.

"பீபி, ஒரு கடலை எவ்வளவு தூரம் துரத்தலாம்?"

பீபி மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"கடலுக்கு அக்கம்பக்கத்துக்காரங்க யார் யாரு, தண்டேல்?"

"வடக்கே குதிரைக்காரங்க. கிழக்கே நாணல் தீவுக்காரங்க. மேற்கே உப்பு வெட்டுறவங்க. தெற்கே நாம."

"ஒண்ணு விட்டுப்போச்சே."

"நாப்பது வருஷம் நான் சுத்தின கடல், பீபி. விட்டுப்போக வழியே இல்லை."

பீபி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உத்தரத்தில் தொங்கிய கருவாட்டுக் கொத்தை எடுத்துக் கொடுத்தார்.

"ஆத்தோட மேல போங்க. வழியில பாக்கிறவங்ககிட்ட இதைக் காட்டுங்க. எந்த ஊர்ல இது என்னன்னு தெரியாம முழிக்கிறாங்களோ, அங்கே நில்லுங்க."

"நின்னு?"

"மீன் கொடுத்து அனுப்புறேன். வாயும் நானே கொடுத்து அனுப்பணுமா?"

கும்காலாக்காரர்களுக்கு ஆறு என்றால் ஓர் இளக்காரம் உண்டு. அகலமில்லாத தண்ணீரில் போகிறவனெல்லாம் ஒரு படகோட்டியா என்பார்கள். தண்டேல் தன் ஆயுளில் ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. இப்போது கருவாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கணுக்கால் அளவுக் குட்டைகளாகத் தேங்கிக் கிடந்த அந்த ஆற்றோரம் நடந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு முலாம்பழத் தோட்டக்காரர் கருவாட்டைப் பார்த்ததும் சிரித்தார். "கும்காலா மீனு! இப்பல்லாம் வர்றதே இல்லையே." தண்ணீர் ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு, மேலேயிருந்து வரவில்லை என்றார். மேலே போய்ப் பார்த்தீர்களா என்றதற்கு, பக்கத்து ஊர்க்காரர்கள் போயிருப்பார்கள் என்றார். பக்கத்து ஊர்க்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

எட்டாம் நாள் ஒரு கிழவர் மட்டும் முகர்ந்து பார்த்து, சின்ன வயதில் தின்றிருக்கிறேன் என்றார்.

பன்னிரண்டாம் நாள் நௌகந்த் என்ற ஊரை அடைந்தார். ஊர் மணியக்காரர் கருவாட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்தும் பார்த்தார்.

"நல்ல தோலுதான். செருப்புத் தைக்க எம்புட்டு தேறும்?"

தண்டேல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

அன்று மாலையே அவர் அதைப் பார்த்தார். நௌகந்துக்கும் பக்கத்து ஊரான தெஹ்கந்துக்கும் நடுவே, எல்லைக்கல் நட்டிருந்த இடத்தில் ஆற்றின் கரை உடைந்து கிடந்தது. ஆறு அப்படியே அந்த வாய் வழியாகத் திரும்பி, பாலைவனத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒன்பது வருடம் துரத்திய கடல் இங்கே மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"யார் உடைச்சது?"

"பத்து வருஷத்துக்கு முந்தி இங்க ஆண்ட ரெண்டு கான்களுக்குள்ள சண்டை. ஒருத்தர் கோட்டையை முழுகடிக்க இன்னொருத்தர் உடைச்சார். கோட்டை போச்சு. அப்புறம் ரெண்டு பேரும் போயிட்டாங்க."

"இந்தத் தண்ணி யாருக்கு உபயோகம்?"

மணியக்காரர் யோசித்தார். "கொசுவுக்கு."

"உங்க வயலுக்கு?"

"எங்க ரெண்டு ஊருக்கும் மடை இதுக்கு மேல இருக்கு. எங்களுக்கு ஒரு குறையுமில்லை."

"அப்ப ஏன் அடைக்கலை?"

மணியக்காரர் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "இந்த நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாது. உடைப்புல முதல் கூடை மண்ணை எந்த ஊர் போடுதோ, அந்த அணை அந்த ஊருக்குத்தான். வருஷா வருஷம் அவங்கதான் பழுது பாக்கணும். பேரன், கொள்ளுப்பேரன் காலத்துக்கும். நாங்க போட்டா எங்க தலையில விடியும். தெஹ்கந்த்காரங்க போட்டா அவங்க தலையில. அதான் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்கோம்."

தண்டேல் அந்த இரண்டு ஊர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவரோ உடைப்பின் அகலத்தைக் காலடியால் அளந்தார். மண்ணை ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தார். பிறகு ஊருக்குத் திரும்பினார்.

கும்காலாவில் வண்டிகள் ஏறக்குறையத் தயாராகிவிட்டன. தண்டேல் மீன் சந்தையில் நின்று, பார்த்ததையெல்லாம் சொன்னார். மண்வெட்டியோடு வரச் சொன்னார்.

ஹம்ஸா குறுக்கே வந்தான். "மச்சான், ஒன்பது வருஷம் நம்ம ஊர் மண்ணை அள்ளினோம். இனி ஊரான் மண்ணையும் அள்ளணுமா? அவங்க ஊர் உடைப்பை அவங்க அடைக்கட்டும்!"

"அவங்களுக்கு நம்ம மீனையே தெரியலைடா. கடலை எப்படித் தெரியும்?"

"தெரியாதவனுக்கு நாம ஏன் அடைச்சுக் கொடுக்கணும்?"

தண்டேல் தலை குனிந்தார். எல்லோர் முன்னாலும் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. "ஒன்பது வருஷம் உங்களைத் தப்பான பக்கம் தோண்ட வச்சேன். அது என் குத்தம். இந்த ஒரு தடவை நான் சொல்ற பக்கம் வாங்க. வரலைன்னா நான் தனியாப் போறேன்."

ஒன்பது வருடம் மண் வெட்டிய முந்நூறு பேர் இந்த உலகத்தில் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள். மறுநாள் அவர்கள் கிளம்பினார்கள். ஹம்ஸா, கடலுக்காக இல்லை, தண்டேலுக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டு கடைசியில் நடந்தான்.

குளிரில் ஆறு இறங்கியிருந்த நேரம். உடைப்பின் இரு பக்கமும் நௌகந்த்காரர்களும் தெஹ்கந்த்காரர்களும் மல்யுத்தம் பார்க்க வந்ததுபோல் கூடி நின்றார்கள். தண்டேல் ஒரு கூடை மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு, எல்லைக்கல்லைத் தாண்டி, உடைப்பின் விளிம்புக்கு வந்தார்.

"இந்த அணை இனிமே கும்காலாவுடையது!" என்று கத்திக் கொட்டினார்.

நௌகந்த் மணியக்காரர் தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் கட்டினார். "பாரம் அவங்க தலைக்குப் போயிட்டுது. இனி நமக்கென்ன பயம்? எடுங்கடா கூடையை!" நௌகந்த் இறங்கியதும் தெஹ்கந்துக்கு ரோஷம் வந்தது. அவர்கள் ஐந்நூறு பேரோடு, எருதுகளோடு வந்தார்கள். மூன்று ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு, ஒரே சட்டியில் தின்றுகொண்டு மண் கொட்டினார்கள். நாற்பதாம் நாள் வாய் மூடியது.

ஆறு ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு தன் பழைய படுகையில் திரும்பியது.

முந்நூறு பேரும் அதனுடனேயே நடந்து ஊர் திரும்பினார்கள். காய்ந்த மணல் குடித்துக்கொண்டே இருந்ததால் தண்ணீர் மெதுவாகத்தான் போயிற்று. அதன் முகப்பில் நுரையும் சருகும் உருண்டன. ஹம்ஸா அதைவிட்டு ஓர் அடி முன்னே போக மறுத்துவிட்டான். இரவு தூங்கப் போகுமுன் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைப்பான். காலையில் எழுந்ததும் அது நனைந்திருக்கிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பான். முலாம்பழத் தோட்டக்காரர் தண்ணீரோடு வந்தவர்களைப் பார்த்து, கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதார்.

ஊரில் வண்டிகளை அவிழ்த்துப் போட்டார்கள். கடல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தார்கள். தூரத்து வெளிச்சக் கோடு தடித்தது. பிறகு நீலமாயிற்று. ஹம்ஸா யாருக்கும் சொல்லாமல் தன் படகுக்குத் தார் பூசி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் வசந்தத்தில் ஒரு காலை, கடல் வந்தது. ஒன்பது வருடம் அதைத் துரத்திக்கொண்டு போன அதே கால்வாய் வழியாகத்தான் வந்தது. நாணலும் நண்டும் மீன்குஞ்சுகளுமாக உள்ளே நுழைந்து, துறைமுகத்தின் கல் படிகளை ஒவ்வொன்றாக ஏறியது. ஆடுகள் கத்திக்கொண்டு ஓடின. சாய்ந்து கிடந்த படகுகள் முனகின, அசைந்தன, நிமிர்ந்தன. வருடக்கணக்காகக் கேட்காத சத்தம், மரத்தில் தண்ணீர் தட்டுகிற சத்தம், துறை முழுக்கக் கேட்டது. கிழவிகள் குலவையிட்டார்கள். ஆண்கள் உடுத்திய துணியோடு தண்ணீரில் குதித்தார்கள். இந்தக் கடலை ஒரு தடவை பார்த்தாக வேண்டுமென்று வந்திருந்த நௌகந்த் மணியக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சுட்ட மீனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதையா நான் செருப்புத் தைக்கக் கேட்டேன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தண்டேலை மறுபடி தோளில் தூக்கினார்கள். அவர் இறங்கிக்கொண்டார். ஹம்ஸா காலையில் சொன்ன ஒன்று மனதில் உறுத்தியது. முதல் மீனை எடுத்துக்கொண்டு தைக்காவுக்குப் போனார்.

பீபி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"கடல் வந்துடுச்சு, பீபி."

"சத்தம் கேட்டுச்சு."

தண்டேல் மீனை வைத்துவிட்டு நின்றார். போகவில்லை.

"இன்னும் என்ன, தண்டேல்?"

"அந்த அணையை ஊர் தலையில ஏத்திக்கிட்டு வந்துட்டேன். வருஷா வருஷம் பழுது பாக்கப் போகணும். இன்னும் பொறக்காத பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டிப் போட்டுட்டேன்னு மச்சினன் சொல்றான். அவன் சொல்றதும் சரிதானே? நம்ம துறைமுகம் இங்கே இருக்கு. அணை பன்னிரண்டு நாள் தூரத்துல இருக்கு."

பீபி மீனைத் திருப்பிப் பார்த்து, நெருப்பில் வைத்தார்.

"உங்க துறைமுகம் அங்கேதான் ஆரம்பிக்குது, தண்டேல். வாசற்படி கொஞ்சம் தள்ளி இருக்கு, அவ்வளவுதான்."