ராஜாவுக்கு மாற்றாள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயர் வேண்டாம்; சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதன் ராஜா சிங்ககேது ஒருநாள் தோப்பு வழியே போனபோது, ஆட்கள் தேங்காயைத் தூரத்திலிருந்தே கூடைக்குள் வீசுவதைப் பார்த்தார். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. அரண்மனை முற்றத்தில் இரண்டு கம்பம் நட்டு, உச்சியில் அடியில்லாத மூங்கில் கூடை கட்டி, அதில் தோல் பந்தைப் போடுவதே அரசாங்கத்தின் தலையாய அலுவல் ஆயிற்று. ராஜாவும் ஆடினார். ஆசை மலையளவு, குறி கடுகளவு.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் அந்த அரண்மனையில் ஒருவருக்கு மட்டும் எப்போதும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவர் பிரதானி உலகளந்தார். எரிய வைத்தவன் சபை விகடன் நல்லாண்டான்.

ராஜா நல்லாண்டானைப் பார்த்துச் சிரித்தால் அன்று பிரதானிக்குச் சோறு இறங்காது. தாம்பூலத் தட்டிலிருந்து ராஜா தம் கையாலேயே அவனுக்கு ஒரு வெற்றிலை எடுத்துக் கொடுத்தால் தூக்கம் வராது. போன திருவிழாவின்போது ராஜாவுக்குக் காய்ச்சல். கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்ள, "எனக்குப் பதில் நல்லாண்டான் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த மொட்டைத் தலையில் பட்டுப் பரிவட்டத்தைப் பார்த்ததும் பிரதானிக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. மறுநாளே ராஜாவின் காலில் விழுந்து ஓர் ஆணை வாங்கினார்: 'மன்னருக்குப் பதிலாக எங்கும், எதிலும், எப்போதும் நிற்கும் உரிமை பிரதானி ஒருவருக்கே.' அதைத் தெருத்தெருவாகத் தண்டோரா போடச் சொன்னார். நல்லாண்டான் வீட்டு வாசலில் மட்டும் நெடுநேரம் போடச் சொன்னார்.

அப்படியும் வயிறு ஆறவில்லை. பொறாமைக்கு ஏது நிறைவு? ஒருநாள் சபையில் எழுந்து கைகட்டி நின்றார்.

"மகாராஜா, ஆட்டத்தில் அடிதடி பெருகிவிட்டது. முரட்டுத்தனம் செய்பவரை நடுவர் வெளியேற்ற வேண்டும். வெளியேறியவர் ஆட்டம் முடியும்வரை கோட்டைக்கு வெளியே நிற்க வேண்டும். அவர் இடத்துக்கு ஒரு மாற்றாள் வரலாம். தவறைக் கண்டும் காணாததுபோல் விடுகிற நடுவரை நாடு கடத்த வேண்டும்."

"பேஷ்! நடுவராக யாரைப் போடலாம்?"

"நல்லாண்டானைவிட நேர்மையானவர் யார் இருக்கிறார், மகாராஜா?" என்றார் பிரதானி, குரலில் தேன் சொட்ட.

நல்லாண்டான் அவர் பக்கம் திரும்பினான். "பிரதானியார் என்மேல் வைத்திருக்கும் அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்!" என்று கும்பிட்டான்.

பிரதானி அடுத்த காரியத்தையும் முடித்தார். அரண்மனை மல்லன் பூதப்பனை எதிரணியில் சேர்த்து, "ராஜா பந்தைத் தூக்கும்போதெல்லாம் பிடுங்கு" என்று ஓதி வைத்தார். கையிலிருப்பதைப் பிடுங்கினால் ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் வந்தால் கை நீளும். நல்லாண்டான் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் நாடு கடத்தல். ராஜாவையே வெளியே போகச் சொன்னால் தலை தப்பாது. எப்படி விழுந்தாலும் குழிதான். பிரதானி அன்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. பூதப்பன் ஒரு முறை பிடுங்கினான், இன்னொரு முறை பிடுங்கினான். அடுத்த முறை ராஜா அவன் விலாவில் முழங்கையால் ஒரு குத்து விட்டு, பந்தை ஓங்கி வீசினார். அது நேரே போய் நல்லாண்டானின் மொட்டைத் தலையில் பட்டது. ராஜா அன்று குறி தப்பாமல் எறிந்தது அது ஒன்றுதான்.

பிரதானியின் உள்ளம் துள்ளியது. நல்லாண்டான் தலையைத் தடவிக்கொண்டே சங்கை எடுத்து ஊதினான்.

"முரட்டுத்தனம். வெளியேற்றம்."

ராஜாவின் கண் சிவந்தது. "யாரை வெளியேற்றுகிறாய்?"

"மகாராஜா, தவறு தங்கள் கையால் நடந்தது, வெளியேற வேண்டியவர் தாங்கள்தான். ஆனால் மன்னருக்குப் பதிலாக எங்கும், எதிலும், எப்போதும் நிற்பவர் பிரதானியார் ஒருவரே என்பதும் தங்கள் ஆணை. பரிவட்டத்துக்கு நிற்கிறவர் வெளியேற்றத்துக்கும் நிற்கத்தானே வேண்டும்? பிரதானியாரே, கிழக்கு வாசல் திறந்திருக்கிறது."

"அநியாயம்! நான் ஆடவே இல்லையே!" என்று அலறினார் பிரதானி.

"'எதிலும்' என்றுதான் தண்டோராக்காரர் சொன்னார். என் வாசலில் நெடுநேரம் சொன்னாரா, மனப்பாடமாகிவிட்டது. தங்களுக்கு விருப்பமில்லையென்றால் அந்த உரிமையை இந்தச் சபையிலேயே விட்டுக்கொடுங்கள். வருகிற திருவிழாவுக்குப் பரிவட்டம் கட்டிக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை."

பிரதானி வாயைத் திறந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், நிழலில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் கண்முன் அந்த மொட்டைத் தலையும் பட்டும் வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டு, அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டு, வெயிலில் கிழக்கு வாசலை நோக்கி நடந்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நல்லாண்டானுக்குப் போட்டார். "வெளியேறியவர் இடத்துக்கு மாற்றாள் வரலாம் என்பது விதி. பிரதானியின் ஆசனத்தில் நீ உட்கார்ந்து நடுவர் வேலையைப் பார். எல்லோரும் கேளுங்கள்! நான் ஜெயிக்கும்வரை இந்த ஆட்டம் முடியாது!"

கோட்டைக்கு வெளியே பிரதானிக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. மதில் மேல் நின்ற வாசல்காவலன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஐயா, உங்க இடத்துல நல்லாண்டானுல்ல உக்காந்திருக்காரு! ராஜா கையால வெத்தல வேற குடுக்கறாருங்க!"

பிரதானி பல்லைக் கடித்தார். "அது இருக்கட்டும். ராஜா என்ன செய்கிறார்?"

"பந்தத் தூக்கறாருங்க... எறியறாரு... அடடா, தவறிப்போச்சு!"

பிறர் நன்மைக்காக ஒருநாளும் சாமி கும்பிடாத உலகளந்தார் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "அப்பனே, எங்கள் ராஜாவை ஜெயிக்க வை!" என்று மனமுருக வேண்டினார். உள்ளே பந்து கம்பத்தில் மோதித் திரும்பும் சத்தம் கேட்டது.