இரண்டாவது ரத்தக்குழாய்

டாக்டர் ஹெப்சிபா நெஞ்சு ஆபரேஷனில் கெட்டிக்காரர். ஆனால் ரொம்ப மெதுவு என்று அந்த ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அவரிடம் தொழில் பழகிய டாக்டர் கதிரேசனும் அப்படித்தான் சொல்லித் திரிந்தார்.

காரணம் உண்டு. ஒவ்வொரு நுரையீரலிலிருந்தும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோக மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள். டாக்டர்கள் வெயின் என்பார்கள். நுரையீரலின் மேல்பகுதியை எடுக்க, மேல் வெயினைக் கட்டி அறுக்க வேண்டும். ஹெப்சிபா கீழ் வெயினைத் தேடிக் கண்ணால் பார்த்த பிறகுதான் கட்டுவார்.

"அது எங்க போயிடப் போகுது மேடம்? எல்லாருக்கும் இருக்கறதுதானே. எதுக்கு ஒவ்வொரு தடவையும் தேடுறீங்க?" என்று கதிரேசன் ஒருநாள் கேட்டேவிட்டார்.

ஹெப்சிபா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

ஆடி மாதத்தில் இருளப்பன் வந்தார். பஸ் கண்டக்டர், வயது நாற்பத்தாறு. இடது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி.

"மறுபடி விசில் ஊத முடியுமா சார்?"

"தாராளமா. கீழ்ப்பகுதி அப்படியே இருக்கும்ல," என்றார் கதிரேசன்.

ஆபரேஷனைக் கதிரேசனே செய்தார். எதிரே ஹெப்சிபா நின்றார். மேல் வெயினைச் சுற்றி நூலைப் போட்டாயிற்று. முடிச்சுதான் பாக்கி.

"கீழ் வெயினைக் காட்டுங்க," என்றார் ஹெப்சிபா.

கதிரேசன் சலித்துக்கொண்டே தேடினார். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நுரையீரலைத் தூக்கிப் பார்த்தார். அங்கும் இல்லை. கீழ்ப்பகுதியின் கிளையை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது மேலேறி, அவர் நூல் சுற்றியிருந்த குழாயிலேயே சேர்ந்திருந்தது.

இருளப்பன் பிறந்ததே அப்படி. ஸ்கேனிலும் யார் கண்ணிலும் படவில்லை. இடதுபக்க ரத்தம் முழுவதும் நாற்பத்தாறு வருஷமாக அந்த ஒரே வழியாகத்தான் இதயத்துக்குப் போயிருக்கிறது. முடிச்சு இறுகியிருந்தால் மிச்ச நுரையீரலும் போயிருக்கும்.

கதிரேசன் நூலிலிருந்து கையை எடுத்தார். ஹெப்சிபா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றார்.

நூலை உருவி, மேல்பகுதியின் கிளையை மட்டும் கட்டினார்கள்.

பத்தாம் நாள் வார்டில் விசில் சத்தம் மெலிதாகக் கேட்டது. நர்ஸ் திட்டுவதும் கேட்டது. வராந்தாவில் ஹெப்சிபாவோடு நின்ற கதிரேசனுக்குக் கண் கலங்கியது.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு இப்படி இருந்து பார்த்திருக்கீங்க மேடம்?"

"இவர்தான் முதல் ஆள்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது," என்றார் ஹெப்சிபா. "முப்பத்தோரு வருஷமா தேடிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு."