கார்மல் வீட்டுக்கு வந்த விருந்தாளி

ஒரு கடற்கரை ஊரில் கார்மல் என்றொருத்தி இருந்தாள். நீலப் படகில் கடலுக்குப் போன அவள் புருஷன் செலஸ்டின் சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. காற்று வேறு எழும்பிவிட்டது. அன்றைக்குத்தான் கவலை அவள் வாசலில் வந்து நின்றது, பூனைக்குட்டி அளவில்.

"ஒரு மூலை போதும்மா. தொந்தரவே இருக்காது."

பாவம் என்று உள்ளே விட்டாள். அவள் ஊற்றிவைத்துக் குடிக்காமல் விட்ட கஞ்சியை அது குடித்தது. தொடாத மீன்குழம்பை வழித்து நக்கியது. மத்தியானத்துக்குள் கட்டில் நிறையப் படுத்துக்கொண்டு, "காலைக் கொஞ்சம் அமுக்கிவிடேன்" என்றது.

மாதா படத்துக்கு முன்னால் கார்மல் முழங்காலிட்டாள். கவலை அவளுக்கும் முன்னால் முழங்காலிட்டது.

"நீ சும்மா இரு, நான் சொல்லுதேன்" என்று தொண்டையைச் செருமியது. "ஆண்டவரே, காத்து தென்கிழக்கு. என்ஜின் பழசு. நங்கூரக் கயிறு நைஞ்சு போச்சு. போன மாசம் கவிழ்ந்ததும் நீலப் படகுதான். கவனிச்சீரா?"

ஆண்டவருக்கே வானிலை அறிக்கை வாசித்துவிட்டு, கணீரென்று ஆமென் போட்டது. கார்மல் எழுந்தபோது அது இன்னொரு சுற்றுப் பெருத்திருந்தது. கவலைக்கு ஜெபம் என்றால் கொள்ளைப் பிரியம்.

சாயங்காலம், தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம். "தலைவலின்னு சொல்லிரு" என்றது கவலை. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த வாரம் சுண்டல் கொண்டுபோகிற முறை அவளுடையது. சுண்டல் வரவில்லை என்றால் கூட்டமே எழுந்து அவள் வீட்டுக்கு வந்துவிடும். போனாள். கூட்டம் நடக்கும் வீட்டு வாசலில் கவலை பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். மன்றாட்டு வேளையில் யாரும் தன் கஷ்டத்தைத் தானே சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவள் காதில் போட வேண்டும். அவள் ஆண்டவரிடம் சொல்லுவாள். கார்மலுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டு ஜெனோவா. கார்மல் சொல்லச் சொல்ல, கவலை வேறு வழியில்லாமல் ஜெனோவாவின் மடிக்கு மாறி உட்கார்ந்தது.

ஜெனோவா கண்ணை மூடினாள். "ஆண்டவரே, செலஸ்டின் அண்ணன் உம்ம கடல்லதான் இருக்காவ. பாத்துக்கிடும். ஆமென்."

"அவ்வளவுதானா?" கவலை பதறியது. "காத்து? என்ஜின்? கயிறு?"

"அதெல்லாம் அவருக்குத் தெரியும். நீ எந்திரி, சேலை கசங்குது."

உம்ம கடல். கார்மலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வீட்டு ஜெபத்தில் கடல்தான் பெரிதாக இருந்தது. ஆண்டவர் கரையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அடுத்து, ஜெனோவாவுக்காகக் கார்மல் சொல்ல வேண்டிய முறை. ஜெனோவாவின் மகன் குவைத்திலிருந்து போன் பண்ணவில்லை. அந்தக் கவலை கார்மல் மடிக்கு வந்தது.

"ஏட்டி, இது எலிக்குஞ்சு கனம்கூட இல்லையே! பக்கத்துத் தெருவில இருந்தப்பவே உன் மவன் போன் எடுக்க மாட்டானே."

"உங்களுக்கு எலிக்குஞ்சு. எனக்கு யானை, யக்கா."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். வேதம் வாசிக்கப் புத்தகத்தை விரித்த வாத்தியார் முறைத்தார்.

வீடு திரும்பும்போது கவலை மறுபடியும் பூனைக்குட்டியாகப் பின்னால் வந்தது. கார்மல் கஞ்சி முழுவதையும் தானே குடித்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். பாயை விரித்தாள்.

"நீ தூங்கிட்டா படகை யாரு பாத்துக்கிடுவா?" என்றது கவலை.

"கடலுக்குச் சொந்தக்காரர் முழிச்சுத்தான் இருக்காரு. நம்பிக்கை இல்லேன்னா வாசல்ல நீ காவல் இரு."

"இருப்பேன். கண்ணை இமைக்க மாட்டேன், சத்தியம்!"

விடியும்போது ஜெனோவாவின் குரல் தெருவையே எழுப்பியது. "யக்கா, ஓடி வாங்க! அண்ணன் படகு தெரியுது!"

கார்மல் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள். வாசலில் எதுவோ காலைத் தடுக்கியது.

கவலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.