எந்தப் பெயரை எடுக்கட்டும் சார்?

கார்களுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றுக்கு ஜெனரல் மேனேஜர் குலோத்துங்கன். பெயருக்கேற்ற மீசை, பெயருக்கேற்ற நாற்காலி. அங்கே பாதுகாப்புப் பிரிவில் டிரெய்னியாக இருந்தாள் ஜெபசெல்வி. ஸ்லைடு போடச் சொன்னால் மற்றவர்கள் மவுஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். இவள் நாலு வரி கம்ப்யூட்டர் கோட் எழுதி ஓட்டுவாள், ஸ்லைடுகள் தாமாக வந்து நிற்கும்.

வருஷக் கடைசி மீட்டிங்குக்கு டைரக்டர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. அந்த வருஷத்து விபத்துக் கணக்கு, சுவரில் சிவப்புக் கம்பமாக உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. குலோத்துங்கன் அவள் காதருகே குனிந்தார்.

“அந்தக் கம்பத்தைக் கொஞ்சம் இறக்கு. உனக்கு முன்னாடி இருந்த பையன் மவுஸாலேயே இழுத்து இறக்கிடுவான்.”

“தாராளமா இறக்கலாம் சார்,” என்றாள், அறைக்கே கேட்கும்படி. “ஆனா இது கோட் வரையிற கம்பம். அடிபட்டவங்க பெயரை எண்ணித்தான் நிக்கும். எந்தப் பெயரை எடுக்கட்டும்?”

கீபோர்டைத் தட்டினாள். சுவர் முழுக்கப் பெயர்கள். பஞ்சவர்ணம், இரண்டு விரல். காசிம், வலது கை. அந்தோணி, உயிர்.

குலோத்துங்கனுக்கு மீசைக்குக் கீழே வேர்த்தது. டைரக்டர்களில் ஒருவர் டீயைக் கலக்கிக்கொண்டே, “அடுத்த ஸ்லைடுக்குப் போகலாமே,” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை ஜெபசெல்வியின் அடையாள அட்டைக்குக் கேட் திறக்கவில்லை. செக்யூரிட்டி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“எந்தப் பெயரை எடுக்கணும்னு கேட்டியாமேம்மா. சார் நேத்து சாயங்காலமே சொல்லிட்டாரு.”