கிளி சொன்ன இங்கிலீஷ்

செங்காலி என்கிற நீர்க்கோழி, குட்டைச் சேற்றைக் காலால் கிளறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் ஐந்து. அகப்பட்ட புழுவோ மூன்று. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்பது என்று தெரியாமல் முழித்தது.

குட்டையில் தண்ணீர் வற்றிவிட்டது. இன்றைக்கே பெரிய ஏரிக்குப் போனால்தான் குஞ்சுகள் பிழைக்கும். வழியிலே தாழம்புதர். அதில் நரி படுத்திருந்தால் தீர்ந்தது! அதைப் பார்த்துவரத்தான் பவளமூக்கன் என்கிற கிளி போயிருந்தது. டியூஷன் வாத்தியார் வீட்டுக் கூண்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் தப்பி வந்த கிளி அது. அதனால் எல்லோருக்கும் அதனிடம் தனி மரியாதை.

கிளி திரும்பி வந்தது. இலந்தைக் கிளையில் உட்கார்ந்து கழுத்தை நிமிர்த்தியது.

“கோஸ்ட் ஈஸ் கிளியர்!”

“ஆகா!” என்றது, கூடவே ஏரிக்குக் கிளம்பக் காத்திருந்த முயல்.

“அப்படிச் சொல்லுங்க!” என்றது, அதன் பக்கத்தில் இருந்த ஆமை.

செங்காலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. போகச் சொல்கிறதா, இருக்கச் சொல்கிறதா? முயலின் காதோரம் போய், “தம்பி, என்ன சொல்றாரு?” என்று கிசுகிசுத்தது.

“இதுகூடத் தெரியாதா? இங்கிலீஷ் அக்கா!”

“அது தெரியுது. நரி இருக்கா, இல்லையா?”

முயல் மீசையைத் தடவியது. “அதுலயே எல்லாம் வந்திருச்சுக்கா. சும்மா தலையை ஆட்டு, எல்லாரும் பாக்குறாங்க!”

செங்காலியும் ஆட்டியது. ஆட்டிவிட்டுக் குஞ்சுகளைப் பார்த்தது.

“அண்ணே!” என்று கிளியைக் கூப்பிட்டது. “எனக்கு விளங்கலண்ணே. நம்ம பேச்சுல ஒருக்கா சொல்லுங்க.”

ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு சிரித்தது. கிளிக்குக் கோபம் வந்துவிட்டது. “பீஸ் ஆஃப் கேக்! இப்பவாவது விளங்குதா?”

“இன்னும் குழம்புதண்ணே. நரியைப் பாத்தீங்களா?”

“பாத்தேனே! புதருக்குள்ள வாயைப் பொளந்துக்கிட்டுப் படுத்திருக்கான். அதைத்தானே அழகா இங்கிலீஷ்ல சொன்னேன்!”

புறப்படத் தூக்கிய காலை முயல் மெல்லக் கீழே வைத்தது.

“அந்த இங்கிலீஷுக்கு அதுவாண்ணே அர்த்தம்?” என்றது செங்காலி.

கிளி அலகைச் சொறிந்தது. “வாத்தியார் பலகையில இந்தப் பக்கம் இங்கிலீஷ் எழுதுவாரு, அந்தப் பக்கம் அர்த்தம் எழுதுவாரு. எல்லாம் மாறி மாறி இருக்கும். ‘பொருத்துக’ம்பாரு. எனக்கு ரெண்டு பக்கமும் மனப்பாடம்! ‘வழியில் ஆபத்தில்லை’, ‘வெகு சுலபம்’, ‘அடைமழை’... ஆனா புள்ளைங்க கோடு போட்டுச் சேக்குறதுக்குள்ள என் கூண்டைத் துணி போட்டு மூடிருவாங்க. எது எதுக்குன்னு எனக்கே தெரியாது.”

கிளி முதலில் சொன்ன இங்கிலீஷுக்கு ‘வழியில் ஆபத்தில்லை’ என்று அர்த்தம். அடுத்துச் சொன்னதற்கு ‘வெகு சுலபம்’ என்று அர்த்தம். இரண்டில் எதை நம்பிப் போயிருந்தாலும் நரிக்குத்தான் விருந்து!

செங்காலி கோரைப்புல் பக்கமாகச் சுற்றி நடந்தது. பின்னால் ஐந்து குஞ்சுகள். அவற்றுக்கும் பின்னால், சத்தமே இல்லாமல், முயலும் ஆமையும். ஏரியைக் கண்டதும் குஞ்சுகள் தொப்புத் தொப்பென்று குதித்தன.

“ஏன்க்கா, அத்தனை பேருக்கு முன்னாடி கேக்க உனக்கு எப்படி வாய் வந்துச்சு?” என்றது முயல்.

“எனக்கா? பயமாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா புள்ளைங்க முகத்தைப் பாத்ததும் என்னமோ...”

“அம்மா! தம்பி என்னைத் தண்ணியில முக்குறான்மா!” என்று ஏரியிலிருந்து ஒரு குஞ்சு கத்தியது.

செங்காலி பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடியது.

விளங்காததை விளங்கவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. விளங்கியதுபோலத் தலையாட்டுவதில்தான் ஆபத்து.